‘நீங்கள்தானா?’ என்று கேட்கும் வாசல்

மார்ச் 3, புதன்

அண்ணி,

நம்ம ரெண்டு பேருக்கும் பேச்சு நின்னு ஏழு மாசமாச்சு. நானா ஆரம்பிக்கக் கூடாதுன்னுதான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். ஆனா இது வேலை விஷயம். யோசிச்சுப் பாத்தா வீட்டு விஷயமும்தான். போன்ல பேச முடியாது. உங்க போன்லயும் என் போன்லயும் கம்பெனி ஆப் இருக்கு. அது எதைக் கேக்கும், எதை விடும்னு அந்த வேலையிலயே இருக்கிற எனக்கே முழுசாத் தெரியாது. அதான் பேப்பரும் பேனாவும். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கோங்க.

உங்களுக்குத் தெரிஞ்சதுதான், ஆனா நீங்க மறந்துட்ட மாதிரி இருக்கிறதால சொல்றேன். நம்ம மருத்துவ இன்சூரன்ஸ் கம்பெனி ஆபீஸைக் காலி பண்ணி எல்லாரையும் வீட்டிலேர்ந்து வேலை செய்யச் சொன்னப்பவே, கட்டடத்து வாசல்ல நின்ன காவல்காரரும் போயிட்டாரு. இப்ப வாசல் கிளவுட்ல இருக்கு. எந்த ஊர்ல எந்தச் சமையலறையில உக்காந்து லேப்டாப்பைத் திறந்தாலும் முதல்ல அந்த வாசலுக்குத்தான் போகணும். அது மெஷினைப் பாக்கும், எங்கேர்ந்து வர்றாங்கன்னு பாக்கும், அப்புறம் உங்க போனுக்கு ‘நீங்கள்தானா?’ன்னு கேட்டு அனுப்பும். நீங்க ‘ஆமாம்’னு அமுக்கினாத்தான் உள்ள விடும். அந்த வாசலைக் கண்காணிக்கிற பன்னிரண்டு பேர்ல நான் ஒருத்தி.

அஞ்சு வாரமா, வேலை நாள்ல எல்லாம், காலையில ஒன்பது பத்துக்கு உங்க லேப்டாப் உங்க வீட்டு இணைப்புலேர்ந்து திறக்குது. ‘ஆமாம்’னு அமுக்குற உங்க போன் பதினொரு கிலோமீட்டர் தள்ளி வேற ஒரு தெருவுல இருக்கு. ஒன்றரை மணி வரைக்கும் போன் அங்க, லேப்டாப் உங்க வீட்டில. அந்த நேரத்தில நோயாளிகளோட ஃபைல் ஒண்ணொண்ணா திறந்து பாக்கப்படுது.

நேராவே கேக்குறேன். எங்க அண்ணன் எட்டரைக்கு ஆபீஸ் கிளம்பிடுவாரு. அவரு போன பிறகு உங்க வீட்டில உக்காந்திருக்கிற ஆள் யாரு? நீங்க எங்க போறீங்க?

வாசல் இதுக்கு ஒரு எச்சரிக்கை போட்டிருக்கு, அதை நான் இருபத்திநாலாம் தேதிக்குள்ள காரணம் எழுதி முடிக்கணும். முடிக்கலைன்னா மேல விசாரணைக்குப் போயிடும். உங்க வேலைக்கு சிபாரிசு பண்ணினது நான். நீங்க எனக்குச் சொந்தம்னு இன்னும் யார்கிட்டயும் சொல்லலை. ஒழுங்கா பதில் எழுதுங்க.

உங்க நாத்தனார்


மார்ச் 7, ஞாயிறு

அடியே நாத்தனாரே,

கடிதம் நேத்து வந்துச்சு. நான் வெளிய போயிருந்தப்ப வந்து என் மேசை மேல இருந்துச்சு. உறையோட வாயில பசை ரெண்டு தடவை தடவின மாதிரி இருக்கே, எழுதி ஒட்டிட்டு, இன்னும் நாலு குத்து சேக்கலாமேன்னு பிரிச்சு ஒட்டினியா? உன்னால முடியும்.

‘சிபாரிசு பண்ணினது நான்.’ இதை எத்தனை தடவைதான் சொல்லுவ? ஏழு மாசம் முன்னாடி அத்தனை சொந்தக்காரங்க நடுவுல, “இவங்களா? என் சிபாரிசுல வேலைக்கு வந்தவங்க”ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னியே, அதுக்கு நீ இன்னும் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லலை. இப்ப எழுதுற முதல் கடிதத்திலயும் அதே பாட்டு.

வீட்டில யாரு, எங்க போறேன்னு கேக்குறியே, இதைக் கேக்கச் சொல்லி கம்பெனி சொல்லுச்சா, உன் மனசு சொல்லுச்சா? எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கு. ஆயிரக்கணக்கான பேர் வேலை செய்யிற இடத்துல, பன்னிரண்டு பேர் பாக்குற வாசல்ல, என் எச்சரிக்கை மட்டும் எப்படிக் கரெக்டா உன் மடியில வந்து விழுந்துச்சு? என் பேரைத் தேடிப் பாத்தியா? எத்தனை நாளா என் போன் எந்தத் தெருவுல இருக்குன்னு வேவு பாக்குற? நேத்திலேர்ந்து லேப்டாப் கேமரா மேல பிளாஸ்திரி ஒட்டி வச்சிருக்கேன். குளிக்கப் போகும்போது போனை அலமாரியில போட்டுப் பூட்டுறேன். உன் புண்ணியம்.

உன் கேள்விக்குப் பதில் இருக்கு. சொல்ல மாட்டேன். சொல்றதுக்கு எனக்கு உரிமை இல்லைன்னு வச்சுக்கோ.

ரெண்டே ரெண்டு விஷயம். ஒண்ணு, உன் அண்ணன்கிட்ட இதைப் பத்தி மூச்சு விடாதே. ரெண்டு, இனிமே வீட்டு முகவரிக்கு எழுதாதே. பின்னாடி ஒரு பல் கிளினிக் முகவரி எழுதியிருக்கேன், அங்க அனுப்பு. உறை வாய் மேல குறுக்கால பேனாக் கோடு போட்டிருக்கேன், நீயும் போடு. கோடு விலகியிருந்தா யாரோ பிரிச்சிருக்காங்கன்னு தெரிஞ்சுடும்.

அண்ணி


மார்ச் 11, வியாழன்

அண்ணி,

கோடு விலகலை. நானும் போட்டிருக்கேன், பாத்துக்கோங்க.

நான் என் உறையை ஒரே ஒரு தடவைதான் ஒட்டினேன். அப்படின்னா உங்களுக்கு முன்னாடி யாரோ அதைப் பிரிச்சுப் படிச்சிருக்காங்க. உங்க வீட்டுக்குள்ள புகுந்து, உங்க மேசையில கடிதத்தை வைக்கிற அளவுக்கு ஒருத்தன் உரிமையா இருக்கான். இதை வேற நானா கண்டுபிடிக்கணுமா?

‘அண்ணன்கிட்ட மூச்சு விடாதே’, ‘வீட்டுக்கு எழுதாதே’. இதைப் படிச்ச பிறகு நான் என்ன நினைக்கணும்னு நீங்களே சொல்லுங்க. அந்தக் கிளினிக் இருக்கிறது உங்க போன் தினம் போய் நிக்கிற அதே தெரு. அஞ்சு வாரமா தினமும் பல் வலியா?

இன்னும் இருக்கு. வாசல்ல நிக்கிற அந்த மென்பொருள் மெஷின்ல என்ன மாத்தினாலும் எழுதி வச்சுக்கும். ஒன்பது பன்னிரண்டுக்கு உங்க மவுஸ் இடது கைக்கு மாறுது. ஒன்றரைக்குத் திரும்பவும் வலது கைக்கு மாறுது. அவன் இடது கைக்காரன். திங்கட்கிழமை எட்டாம் தேதியிலேர்ந்து அவன் ஒரு ஃபைலைக் கூடத் திறக்கலை. லேப்டாப்பைத் திறக்குறான், மவுஸை மாத்துறான், சும்மா உக்காந்திருக்கான். திரை பூட்டிக்குது, மறுபடி உங்ககிட்ட ‘நீங்கள்தானா?’ வருது, நீங்களும் சளைக்காம ‘ஆமாம்’ போடுறீங்க. நேத்து மட்டும் ஒன்பது தடவை. அதாவது என் கடிதம் வந்ததும் அவன் உஷாராயிட்டான். நீங்கதான் சொல்லிக் குடுத்திருக்கணும்.

நீங்க சொன்னதை மீறி நேத்துப் பதினொரு மணிக்கு அண்ணனைக் கூப்பிட்டேன். உங்களைப் பத்தி ஒண்ணும் சொல்லலை, சத்தியமா. சும்மா குரலைக் கேக்கலாம்னுதான். “மீட்டிங்ல இருக்கேன்மா, அப்புறம் பேசுறேன்”னு மெதுவா சொன்னாரு. பின்னாடி கிளிச் சத்தம் கேட்டுச்சு அண்ணி. நான் உங்க வீட்டுக்கு வாங்கிக் குடுத்த, கிளி மாதிரி கத்துற காலிங் பெல். அவரு ஆபீஸ்ல இல்ல, வீட்டுல இருக்காரு. அவருக்கும் சந்தேகம் வந்து, லீவு போட்டுட்டு வந்து காவல் காக்குறாருன்னுதான் எனக்குப் படுது. பாவம் அந்த மனுஷன். என்னைப் படிக்க வச்சு ஆளாக்கினவரு, தன் வீட்டுக்குள்ளயே ஒளிஞ்சு நிக்கணுமா?

பதிமூணு நாள் இருக்கு. அந்த இடது கைக்காரன் யாருன்னு எழுதுங்க. இல்லைன்னா நான் பாத்ததை அப்படியே எழுதி மேல அனுப்பிடுவேன்.

நாத்தனார்


மார்ச் 15, திங்கள்

மக்கு நாத்தனாரே,

கோபத்தில நாலு பக்கம் எழுதிக் கிழிச்சுட்டு இதை எழுதுறேன்.

இடது கைக்காரன் யாருன்னு என்னையா கேக்குற? உங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில மூலை நாற்காலி ஒண்ணு யாருக்குன்னு ஒதுக்கி வச்சிருந்தீங்க? பக்கத்துல உக்காந்தா முழங்கை இடிக்குதுன்னு தினம் அழுது அடம் பிடிச்சு அந்த ஏற்பாட்டைப் பண்ணினதே நீதான்னு உங்க அம்மா சொல்லியிருக்காங்க. உலகத்தையே கண்காணிக்கிற, அது உனக்கு ஞாபகம் வரலையா? கிளிச் சத்தம் கேட்டும் புரியலையா? ‘ஆபீஸ் போன பிறகு வீட்டில யாரு’ன்னு நீ தேடுற ஆளுக்குப் போறதுக்கு ஆபீஸே கிடையாது.

டிசம்பர்ல உன் அண்ணன் வேலை பாத்த பிரிவையே மூடிட்டாங்க. பதினேழு வருஷம் வேலை பாத்தவரை ஒரே ஒரு மெயில்ல அனுப்பிட்டாங்க. என்கிட்டக் கூட சொல்லலை. தினம் எட்டரைக்குப் பையை மாட்டிக்கிட்டுக் கிளம்புவாரு. ஜனவரியில ஒரு நாள் எங்க கட்டடத்து வாட்ச்மேன் என்னை நிறுத்தி, “சார் காலையிலேர்ந்து கீழ கார்லயே உக்காந்திருக்காரே, உடம்பு சரியில்லையாம்மா?”ன்னு கேட்டாரு. பதினொரு நாளா அப்படித்தானாம். நான் இறங்கிப் போய்த் தூரத்துல நின்னு பாத்தேன். கண்ணாடியை ஏத்தி விட்டுட்டு, ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. வண்டி எங்கயும் போகலை. 

கேட்டா உடைஞ்சுடுவாருன்னு எனக்குத் தெரியும். அன்னிக்குச் சாயந்திரம் பொய் சொன்னேன். “பல் கிளினிக்ல காலை நேரத்துக்கு வரவேற்பு மேசையில ஆள் கேக்குறாங்க, எனக்குப் போகணும்னு ஆசையா இருக்கு. என் ஃபைலை யாராவது பாத்துக் குடுத்தா நல்லா இருக்கும். கம்பெனியில கேட்டுட்டேன், குடும்பத்துல ஒருத்தர் உதவலாமாம்”னு. அவரு தோள்ல மாட்டியிருந்த ஆபீஸ் பையைக் கழட்டிக் கீழ வச்சாரு. அப்புறம் வேலை போனதைத் தானா சொன்னாரு. ஒரே ஒரு சத்தியம் வாங்கிக்கிட்டாரு. “தங்கச்சிக்கு மட்டும் தெரிய வேணாம். அவ என்னைப் பெரிய ஆளுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கா.”

இப்ப தினம் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டு, சவரம் பண்ணி, ஒன்பது மணிக்கு மேசையில உக்காருறாரு. நான் கிளினிக்ல வீங்கின கன்னத்தோட வர்றவங்களுக்கு டோக்கன் குடுத்துக்கிட்டே ‘ஆமாம், ஆமாம்’னு அமுக்கிக்கிட்டு இருக்கேன். இவ்வளவுதான்டி என் கள்ளத்தனம்.

எட்டாம் தேதியிலேர்ந்து ஃபைல் திறக்கலைங்கிறதை நானும் கவனிச்சேன். நான் யாருக்கும் ஒண்ணும் சொல்லிக் குடுக்கலை. அலுத்துப்போச்சு போலன்னு நினைச்சுக் கேக்காம விட்டுட்டேன். உறையை வழியில யாரு பிரிச்சாங்கன்னும் தெரியலை, அதை நினைச்சா பக்குங்குது.

கெஞ்சுறது எனக்கு வராது. இருந்தாலும் கேக்குறேன். உன் கையில ஒரு பட்டன் இருக்கு. ‘பாதகமில்லை’ன்னு எழுதி மூடிடு. அந்த நாற்காலியும் போச்சுன்னா அவரு மறுபடி காருக்குத்தான் போவாரு. இல்ல, உன் பேரைக் காப்பாத்திக்க எங்களை மாட்டி விடுவியோ? அந்தச் சந்தேகமும் எனக்கு இருக்கு, மறைக்கலை.

அண்ணி


மார்ச் 18, வியாழன்

அண்ணி,

உங்க கடிதத்தைப் படிச்சுட்டேன். நாலு நாற்காலி இருக்கிற என் மேசையில மூலை நாற்காலியையே பாத்துக்கிட்டு இருந்தேன். அவரு ஆபீஸ்ல இருக்காருங்கிறதுல நான் அவ்வளவு நிச்சயமா இருந்திருக்கேன். அதைவிட, தப்பு உங்க மேலதான்னு இன்னும் நிச்சயமா இருந்திருக்கேன். அசிங்கமா இருக்கு அண்ணி.

உங்க முதல் சந்தேகம் சரிதான். எச்சரிக்கை என் மடியில விழலை. அந்தச் சண்டைக்கு அப்புறம் நான்தான் உங்க பேரைத் தேடித் தேடிப் பாத்தேன். எப்ப வேலைக்கு வர்றாங்க, எப்ப எந்திரிக்கிறாங்க, என் சிபாரிசுக்கு ஏத்த மாதிரி வேலை செய்யிறாங்களான்னு. ஏதாவது குறை கிடைக்காதான்னு. இதுவரைக்கும் நாற்பத்திமூணு தடவை. வாசல் அந்த எச்சரிக்கையைச் சின்னதுன்னு அடியில போட்டு வச்சிருந்துச்சு. நான் தோண்டி எடுக்கலைன்னா யாரும் பாத்திருக்க மாட்டாங்க. இப்ப என் பேர்ல திறந்தாச்சு. பாக்குறவங்களையும் அது எழுதி வச்சுக்கும்ங்கிறது எனக்குத் தெரிஞ்சும் புத்தி வரலை.

ஆனா ‘பாதகமில்லை’ன்னு எழுத என்னால முடியாது. திட்டுங்க. அந்த ஃபைல்ல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். புருஷன்கிட்டக் கூடச் சொல்லாத வியாதியை ஒரு பொண்ணு நம்மளை நம்பி எழுதிக் குடுத்திருப்பா. அதைப் படிக்க அனுமதி உங்களுக்குத்தான். எங்க அண்ணன் தங்கமான ஆளுதான், ஆனா அந்தப் பொண்ணுக்கு அவரு வெளியாள். நான் உங்களை எட்டிப் பாத்தது எவ்வளவு கேவலமோ, அதே மாதிரிதான் இதுவும்.

இருபத்தி ஒண்ணாம் தேதிக்குள்ள இது உங்க கைக்கு வந்துடும். இருபத்திநாலு வரைக்கும் நான் எதையும் தொட மாட்டேன். அதுக்கு முன்னாடி நீங்களே கம்பெனிக்கு எழுதிட்டா, தானா சொன்னதுன்னு கொஞ்சம் மதிப்பு இருக்கும். முதல்ல அந்த ‘ஆமாம்’ போடுறதை நிறுத்துங்க. அடுத்த தடவை கேட்டா ‘இல்லை’ன்னு அமுக்குங்க. மெஷின் மொத்தமாப் பூட்டிக்கும்.

அண்ணன்கிட்ட என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலை. அவரு சின்ன ஆள் ஆகிடலைன்னு யாராவது அவர்கிட்டச் சொல்லணும். நான் சொன்னா நம்புவாரா?

நாத்தனார்


மார்ச் 23, செவ்வாய்

சின்னவளே,

உன் கடிதத்தைப் படிச்சுட்டு உன்னைத் திட்டின திட்டுல உனக்கு அங்க விக்கல் எடுத்திருக்கும். அப்புறம் சனி, ஞாயிறு ரெண்டு நாளும் நீ எழுதின அந்தப் பொண்ணு, பேர் தெரியாத அந்தப் பொண்ணு, என் மனசை விட்டுப் போகலை.

நேத்துக் காலையில ஒன்பது பத்துக்குப் போன் அதிர்ந்துச்சு. ‘நீங்கள்தானா?’ எதிர்ல ஒரு ஐயா வாயில பஞ்சை அடைச்சுக்கிட்டு நிக்கிறாரு.  ‘இல்லை’ன்னு அமுக்கினேன். ஏழு வாரத்துல அன்னிக்குத்தான் அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் குடுத்திருக்கேன். டாக்டர்கிட்டச் சொல்லிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

இஸ்திரி போட்ட சட்டையோட, பூட்டிக்கிட்ட கறுப்புத் திரை முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அவரே சொன்னாரு. “தங்கச்சி கடிதத்தை நான்தான் பிரிச்சேன். உன் பேருக்குத்தான் வந்துச்சு. ஏழு மாசம் கழிச்சு அவ கையெழுத்தைப் பாத்ததும் ரெண்டு பேரும் சமாதானம் ஆயிட்டீங்கன்னு நினைச்சேன். சந்தோஷத்துல கை நிக்கலை.”

புரியுதா? ‘எங்க அண்ணன் போன பிறகு உங்க வீட்டில உக்காந்திருக்கிற ஆள் யாரு’ன்னு நீ எழுதினதை முதல்ல படிச்சது அந்த ஆளேதான். கம்பெனி அனுமதின்னு நான் சொன்னது பொய்னு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. அன்னிலேர்ந்து அவரு ஒரு ஃபைலையும் தொடலை. “என் தங்கச்சி காவல் காக்குற வாசல்ல நான் திருட்டுத்தனமா நுழையலாமா?”ன்னாரு. அப்ப ஏன் தினம் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்தீங்கன்னு கேட்டேன். “எந்திரிச்சா எங்க போறது? நீ ‘ஆமாம்’ போடுற வரைக்கும் எனக்கு இங்க ஒரு நாற்காலி இருந்துச்சு”ன்னாரு. எனக்கு அழுகை வந்துடுச்சு. அவரும் அழுதாரு. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நான் பாத்ததே இல்ல.

சாயந்திரம் ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து கம்பெனிக்கு எழுதினோம். அவரு சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எதையும் மறைக்கலை. இன்னிக்குக் காலையில பதில் வந்துச்சு: வேலையிலேர்ந்து நிறுத்தி வச்சிருக்காங்க, வெள்ளிக்கிழமை லேப்டாப்பை எடுத்துட்டுப் போக ஆள் வரும். திரும்பக் கூப்பிட மாட்டாங்கன்னுதான் தோணுது. கிளினிக்ல முழு நேரமும் வரச் சொல்றாங்க. இன்னிக்கு அவரு காரை எடுத்தாரு. கீழ நிறுத்தலை, வேலை தேடி ரெண்டு இடத்துக்குப் போயிட்டு வந்தாரு.

உன்னைப் பத்தி நாங்க ஒரு வரி கூட எழுதலை. அந்த நாற்பத்திமூணை நீயே சொல்லுவியா, கமுக்கமா இருந்துடுவியான்னு எனக்கு இன்னும் சந்தேகம்தான். பாப்போம்.

அண்ணி


மார்ச் 26, வெள்ளி

அண்ணி,

சொல்லிட்டேன். புதன்கிழமை எச்சரிக்கையில நடந்ததை நடந்தபடி எழுதி, கீழயே நாற்பத்திமூணு தடவையையும், எதுக்காகத் தேடினேன்ங்கிறதையும், நீங்க என் அண்ணிங்கிறதையும் எழுதினேன். சூப்பர்வைசர் ரெண்டு தடவை படிச்சுட்டு, “இதை யாரும் கேக்கலையே”ன்னாங்க. நேத்தோட என்னை வாசல்லேர்ந்து எடுத்துட்டாங்க. இனிமே புகார் போன் எடுக்கிற வேலையாம். திட்டு வாங்கப் பழகிக்கணும், உங்ககிட்டப் பயிற்சி எடுத்ததால கஷ்டம் இருக்காது.

அன்னிக்குச் சொந்தக்காரங்க நடுவுல ‘என் சிபாரிசு’ன்னு சொன்னதுக்கு மன்னிச்சுடுங்க. ஏழு மாசமா தொண்டையில நின்ன வார்த்தை.

மூணாம் தேதி சனிக்கிழமை வர்றேன். பத்தரை மணிக்குக் கிளி கத்தும். நீங்க எழுந்து வராதீங்க, அண்ணனை அனுப்புங்க. கதவு ஓட்டையில பாத்தாலே நான்தான்னு அவருக்குத் தெரிஞ்சுடும். இருந்தாலும் திறக்கிறதுக்கு முன்னாடி ‘யாரு?’ன்னு ஒரு தடவை கேக்கச் சொல்லுங்க. நான் பதில் சொல்லணும்.

சாப்பாட்டு மேசையில அவரோட இடது கைப் பக்கத்து நாற்காலி எனக்கு. முழங்கை இடிச்சா இடிக்கட்டும்.

உங்க நாத்தனார்